புடவை மாட்டும் பீடிங்

என் அன்பு மச்சான் தணிகாசலத்துக்கு,

எந்தச் செய்தியையும் நான் ஆதியிலிருந்து தொடங்குவேன். நீ பாதியிலேயே கையை உயர்த்தி, "மாமா, ஆச்சா ஆவலையா? அத மட்டும் சொல்லுங்க" என்பாய். இப்போது உன்னால் கையை உயர்த்த முடியாது. ஆகவே வரிசையாகவே சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

உன்னை அறியாதவர்கள் கண்ணிலும் இந்தக் கடிதம் படும். அவர்களுக்காகச் சில வரிகள். நீ என் மனைவி கமலத்தின் தம்பி. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்கு லாரி ஓட்டி வாழ்ந்தவன். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இரசாயனக் கூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டி ஓய்வு பெற்றவன். உனக்குப் பயம் தெரியாது. எனக்கு அதைத் தவிர மற்றவை பாதிதான் தெரியும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பதுகளில் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய திறந்த கார். யுத்தம் முடிந்தபின் ஓர் ஏலத்தில் நீ எடுத்தாய். கூரையை மடித்துவிட்டால் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைவிட எடுப்பான வண்டி கடலூரில் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாய். பிறகு உப்புக் காற்றில் துரு ஏறி, உன் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் படுத்துவிட்டது. மகள் மல்லிகாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வருஷம் அதை எழுப்புவதென்று முடிவு செய்தாய். "ஊர்ல எவன் எவன் மாப்ளயோ அதுல ஒக்காந்துட்டான். எம் மாப்ள ஒக்கார வேணாமா?" என்றாய். அந்த ஒரு கேள்விதான் பிற்பாடு என் தலையில் விழுந்தது.

என்ஜின் வேலை மெக்கானிக் ஜமால் பாயிடம். உடம்பைத் தட்டிச் சீராக்கிப் பெயிண்ட் அடிப்பது டிங்கர் கடையில். பளபளக்கும் பாகங்களைக் கழற்றும் வேலையை எனக்குக் கொடுத்தாய். ரேடியேட்டர் முகப்பு, விளக்கு வளையங்கள், பம்பர், கதவுகளின் மேலும் பானெட்டின் பக்கவாட்டிலும் ஓடும் மெல்லிய பட்டைகள். அந்தப் பட்டைகளை நீ 'பீடிங்' என்பாய். என்னால் எதுவும் உடையாத வேலை இது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டிருப்பாய். அது தவறான கணக்கும் அல்ல.

ஒரு விஷயத்தில் நாம் சச்சரவிட்டோம், நினைவிருக்கிறதா? எது எந்தக் கதவுக்கு என்று தெரிய ஒவ்வொரு பீடிங்கின் பின்பக்கமும் ஆணியால் புள்ளி குத்தச் சொன்னாய். முதல் கதவுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. முன்பக்கம் மேடு தட்டிவிடும் என்று நான் மறுத்தேன். "தட்டாது மாமா. பொட்டு வெக்கிற மாதிரி லேசாக் குத்துங்க." நான் கேட்கவில்லை. அட்டையில் சீட்டு வெட்டி, இந்தியன் இங்க்கில் எழுதி, நூலால் கட்டினேன். மழையிலும் அமிலத்திலும் அழியாதிருக்கச் சீட்டுகளை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தேன். நீ அருகில் நின்று பார்த்துவிட்டு, "மாமா கையில குடுத்தா யமன்கூட லேபிலோடதான் போவான்" என்றாய்.

ஆவணிக் கடைசியில் ஒரு காலை காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாய். அதோடு சரி.

வண்டி அப்போது பெயிண்ட் முடிந்து கறுப்பாக நின்றது. என்ஜினும் ஏறிவிட்டது. ஒரு மின்னும் பாகம் அதில் இல்லை. அவை எல்லாம் என் சீட்டுகளோடு ஷெட் மூலையில் சாக்கில் கிடந்தன.

தகப்பன் போனால் ஒரு வருஷத்துக்குள் பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது நம்மவர்களின் வழக்கம். தவறினால் வருஷக்கணக்கில் தள்ளிப்போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். சிதம்பரத்து வரனை நீயே பேசி வைத்திருந்தாய். ஆனியில் முகூர்த்தம் குறித்தோம். உன் மனைவி குணவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மத்ததெல்லாம் நீங்க பாத்துச் செய்யுங்கண்ணே. மாப்ள மட்டும் அவரு வண்டியில வரட்டும். முன்ன நிக்க அவரு இல்ல. நானும் நிக்கக்கூடாது. வண்டியாவது நிக்கட்டும்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வழக்கமாக இதை மாற்றிச் செய்பவன் நான்.

தை மாதம் மாப்பிள்ளையின் தாய்மாமன் மாசிலாமணி வண்டியைப் பார்க்க வந்தார். அவரை நீ சந்தித்திருக்கிறாய். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். ஷெட் வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"இன்னா சார் இது? மூளியா நிக்குது?"

"பாகங்களெல்லாம் தனியாக இருக்கின்றன. முலாம் பூசி…" என்று நான் தொடங்கினேன்.

"காது மூக்குல ஒண்ணுமில்ல. மொகத்துல களையில்ல. நகையக் கழட்டிட்டு நிக்க வெச்ச மாதிரி இருக்கு. ஏற்கெனவே செத்தவரு வண்டியாச்சேன்னு எங்க பொம்பளைங்க மொனவுறாங்க. இதுல எங்க பையன ஏத்தினா ஊரு இன்னா பேசும்?"

ஜமால் பாய் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மாமாவுக்கு வண்டிக்கு நக போடணுமா, மாப்ளைக்குப் போடணுமா? தெளிவாச் சொல்லிட்டா நல்லது."

"யாருய்யா கீழேர்ந்து பேசறது?"

"வண்டிதான் பேசுது."

மாசிலாமணி சிரிக்கவில்லை. "சுத்தமா, புதுசாட்டம், ஒண்ணு கொறையாம பூட்டி நிறுத்துங்க. அப்ப வரட்டும். இல்லாட்டி நாங்க சிதம்பரத்துலயே டாக்ஸிக்குச் சொல்லிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். குணவதி சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். 'மூளி' என்ற சொல் அவள் காதில் விழுந்திருக்கும். உன் கருமாதியன்று அவள் கழுத்திலும் காதிலும் கையிலும் இருந்ததையெல்லாம் கழற்றிய பெண்களில் என் கமலமும் ஒருத்தி. நான் அப்போது முற்றத்தில் பந்தல்காரனோடு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே நிற்க எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் சாக்கைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பிளேட்டிங் கடையில் வேலை சுத்தம் என்று கேள்வி. கடைக்காரர் அந்தோணி நல்ல மனிதர், பேச்சு அதிகமில்லை. பழைய முலாமை எடுத்து, தேய்த்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று படிப்படியாகச் செய்ய ஒரு மாதம் கேட்டார். நடுவில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். கமலம் விடுவாளா? "மதுவெலக்கு வந்து இத்தினி வருஷம் கழிச்சு, இந்த வயசுலதான் ஒங்களுக்குப் பாண்டி வழி தெரிஞ்சிருக்கு" என்றாள்.

பாகங்களை வாங்கி வந்த அன்று எல்லைச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறினார்.

"பெரியவரே, சாக்குல இன்னா?"

"பீடிங்."

"இது புதுச் சரக்கா இருக்கே. அவுருங்க பாப்போம்."

அவிழ்த்தேன். வெயில் பட்டு பஸ் முழுக்க ஒளி அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு விளக்கு வளையத்தை எடுத்துத் தம் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரி செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்தக் கணத்தில் கர்வமாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

உன் ஷெட்டுக்கு வந்து பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். சாக்கின் அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் என் சீட்டுகள். ஒன்று விடாமல், சுத்தமாக, ஒரு நூலில் மாலைபோல் கோத்திருந்தார் அந்தோணி. மெழுகு துளி பட்டாலும் அந்த இடத்தில் முலாம் பிடிக்காது. ஆகவே தொட்டியில் இறக்குமுன் அத்தனையையும் கத்தரித்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உலோகம் ஒட்டாது என்று கரும்பலகையில் எழுதி எழுதியே எனக்கு மயிர் நரைத்தது. அந்தப் பாடத்தை நடத்தியவன்தான் சீட்டை மெழுகில் முக்கிக் கட்டினான்.

நீ இருந்திருந்தால் அன்று கடலூர் முழுக்கச் சிரித்திருக்கும்.

சீட்டு மாலை ஒரு கையில், பீடிங் ஒரு கையில் என்று நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஜமால் பாய் முதலில் மாலையை வாங்கித் தூக்கிப் பிடித்தார். அப்புறம், "சார், மாலைய வண்டிக்குப் போட்டுடலாம். இன்னா இன்னா பாகம் இருக்குன்னு மாசிலாமணி படிச்சிக்குவாரு" என்றார்.

வேடிக்கை அதோடு முடிந்தது. விளக்கு வளையமும் ரேடியேட்டர் முகப்பும் தம் இடத்தைத் தாமே சொல்லிவிடும். பம்பர்களும் அப்படியே. பீடிங்குகள் அப்படி அல்ல. அந்த வண்டியின் உடம்பு கையால் தட்டிச் செய்தது. எந்த இரண்டு கதவும் ஒரே அளவில்லை, ஒரே வளைவில்லை. இடத்தின் பட்டையை வலத்தில் வைத்தால் நடுவில் நகம் நுழையும் அளவு தூக்கி நிற்கும். கதவில் இருந்த பழைய துளைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். டிங்கர் பட்டி பார்க்கும்போது அவற்றைப் பாதி அடைத்துவிட்டு, பிறகு உத்தேசமாகத் திறந்துவைத்திருந்தார்.

நான் அளவுகோலோடு இறங்கினேன். நீளம், வளைவின் ஆழம், பின்னால் கிளிப் மாட்டும் இடைவெளி என்று அளந்து அட்டவணை போட்டேன். சில பட்டைகளுக்கு நூலிழை வித்தியாசம்தான். அளக்க அளக்க அந்த நூலிழை என் கைநடுக்கமா, பட்டையின் அளவா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் துணிந்து ஒன்றைக் கதவில் பொருத்தி அழுத்தினேன். அது உட்காரவில்லை. முனை பெயிண்டில் இழுத்து, மயிரிழைக் கீறல் ஒன்று விழுந்தது. அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

"தட்டி ஏத்திடலாம் சார். இரும்புதான? சொன்னாக் கேக்கும்" என்றார் ஜமால் பாய்.

"முலாம் வெடிச்சுடும், பாய். ஒரு எடத்துல வெடிச்சா உரிஞ்சுகிட்டே போகும்."

"அப்ப இன்னா பண்றது? நாளு நெருங்குது."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதைச் சொல்லாமல் அளவுகோலை எடுத்தேன். டாக்ஸிக்குச் சொல்லிவிடுங்கள் என்று மாசிலாமணிக்குக் கார்டு எழுதுவதைப் பற்றிக்கூட யோசித்தேன். குணவதியிடம் அதை யார் சொல்வது என்பதில் யோசனை நின்றுவிட்டது.

அடுத்த நாள் மிதிபலகையைத் துடைத்தபோது ரப்பரின் இடுக்கில் ஏதோ வெளிறித் தெரிந்தது. குச்சியால் நெம்பினேன். காய்ந்த சந்தனம். உள்ளே ஒரு துளி குங்குமம் கறுத்திருந்தது. எந்த வருஷத்து ஆயுத பூஜையோ. அப்போதுதான் நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டியதை யோசித்தேன். இந்த வண்டியை ஓட்டியவன் நீ. வெள்ளிக்கிழமைதோறும் கிரசின் துணியால் ஒவ்வொரு பட்டையாகத் துடைத்தவள் யார்? வருஷா வருஷம் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தவள் யார்?

ஆனால் குணவதி ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்தே மாதக்கணக்காகியிருந்தது. எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தால் டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்வாங்குவாள். வண்டி சுப காரியத்துக்கு. அவள் தொட்டால் ஆகாது. அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பின்கட்டில் அவளும் கமலமும் கல்யாணத்துக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். நிற்பதைக் கமலம்தான் கவனித்தாள்.

"இன்னாங்க?"

"தங்கச்சிகிட்ட ஒரு ஒத்தாசை."

குணவதி முறத்தை நிறுத்தினாள். "சொல்லுங்கண்ணே."

"பீடிங்ல எது எந்தக் கதவுன்னு புரியல. நீ வந்து ஒருதரம் பாத்தா…"

அவள் தலை நிமிரவில்லை. "நா அதத் தொடலாமாண்ணே? கல்யாண வண்டி."

கமலம் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு விடுதலை. அவள் என்னைத்தான் பார்த்தாள். "கேட்டது நீங்க. பதில் சொல்லுங்க. இன்னாத்துக்கு முழிக்கிறீங்க?"

"ஏதாச்சும் ஆச்சுன்னா நான் ஜவாப்பு சொல்லிக்கிறேன்" என்றேன்.

"யாருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "மாசிலாமணிக்கு."

குணவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? அவருக்கா?" என்று சொல்லிவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கமலமும் சிரித்தாள். நீ போனபின் அந்த வீட்டில் குணவதி சிரித்துக் கேட்டது அன்றுதான். என்னை வைத்துத்தான் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் வந்தாள். கமலம் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். குணவதி பாயில் குந்தி ஒவ்வொரு பட்டையாக எடுத்துக் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இது ஒங்க மச்சான் பக்கத்துக் கதவு. நடுவுல லேசாக் குழியும், அவரு கைய வெச்சு வெச்சு. இது அதுக்குப் பின்னாடி. இத இப்புடித் திருப்புங்க. தலகீழா வெச்சிருக்கீங்க."

ஜமால் பாய் அவள் சொன்னதைக் கதவில் வைத்துப் பார்த்தார். ஓசையில்லாமல் உட்கார்ந்தது. "மாஷா அல்லா" என்றார்.

நீளமான ஒன்றை எடுத்தவள் அதைக் கீழே வைக்கவில்லை. அதன் ஒரு முனை லேசாக மேலே எழும்பியிருந்தது. "இது எடது பக்கம் பின்கதவு. நா ஒக்கார்ற எடம். எறங்கும்போதெல்லாம் இந்த மொனையில புடவ மாட்டும். இன்னிக்கு அறுத்துடறேன், நாளைக்கு அறுத்துடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு ஒங்க மச்சான். கடேசிவரைக்கும் அறுக்கல. எறங்கி வந்து அவரே எடுத்து உடுவாரு."

"அண்ணி, இப்ப நா ரெண்டு தட்டுத் தட்டி மடக்கிடவா?"

"வாணாம் பாய். இருக்கட்டும்."

எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லமாட்டேன். பானெட் பட்டைகளை அவள் இடம் மாற்றிச் சொன்னாள். அங்கே என் அட்டவணை சரியாக இருந்தது. அது அச்சில் இருக்கட்டும்.

அவள் சொல்லச் சொல்ல, பூட்டுமுன் ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஆணியை வைத்து மெல்லத் தட்டினேன். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. முன்பக்கம் மேடு தட்டவில்லை. தட்டாது என்று நீ சொன்னாய்.

பூட்டும் வேலை பிறகு சுலபமாகவே போயிற்று. கதவுக்கும் பட்டைக்கும் நடுவே என் பழைய வேட்டியைக் கிழித்து விரித்துக்கொள்வேன். கிளிப்பில் கொஞ்சம் வாசலைன். முனையைத் துளையில் காட்டி, உள்ளங்கையின் அடியால் அழுத்தி, துணியை உருவிவிட வேண்டும். ஜமால் பாய் கதவின் உட்புறம் கையை விட்டு நட்டை முடுக்குவார். நான் 'போதும்' என்றால் அவர் இன்னும் அரைச் சுற்றுச் சுற்றுவார். ரேடியேட்டர் முகப்பைக் கடைசியில் ஏற்றினோம். வண்டிக்கு முகம் வந்தது. குணவதி அதற்குள் போய்விட்டிருந்தாள். டம்ளர் மறுபடி வாசற்படியில் இருந்தது.

மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள் ஜமால் பாய் ஓட்ட, நான் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து சிதம்பரம் போனேன். குணவதியைக் கூப்பிட்டேன். அவள் பஸ்ஸில் வருகிறேன் என்றுவிட்டாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் நான் பாதையைப் பார்க்கவில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பட்டையும் கிலுகிலுக்கவில்லை. புவனகிரிப் பாலத்தில் எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் தம் மாடுகளின் கண்ணைத் துண்டால் மறைத்தார். அவ்வளவு மின்னியது.

மறுநாள் சாயங்காலம் மண்டப வாசலில் மாசிலாமணி வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பீடிங்காகத் தொட்டார். விளக்கு வளையத்தில் மீசையை முறுக்கிக்கொண்டார். "இப்பத்தான் சார் வண்டிக்குக் களையே வந்திருக்கு" என்றார். அது யார் கையால் வந்த களை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"யாராச்சும் சுமங்கலியா வாங்க, வண்டிக்குப் பொட்டு வெக்கணும்" என்று அவர்தான் குரல் கொடுத்தார். கமலம் தட்டோடு வந்தாள். பானெட்டுக்கு, விளக்குகளுக்கு, ஒவ்வொரு கதவின் நடுவிலும் வைத்தாள். முந்தானை நழுவியதால் தட்டை ஒரு நிமிஷம் என்னிடம் கொடுத்தாள். அவள் வேண்டுமென்றேதான் கொடுத்தாளோ என்று இப்போதும் யோசிக்கிறேன். மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் குணவதி நின்றிருந்தாள். தன் மகளின் கல்யாணத்தைத் தூணோரமாகப் பார்க்கிறவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி.

நான் தட்டோடு அந்தப் பக்கம் திரும்பினேன். வாசற்படிவரை போய்விட்டேன்.

"இன்னா சார், தட்டு எங்க போவுது?" என்றார் மாசிலாமணி.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். திரும்பி வந்து தட்டைக் கமலத்திடம் கொடுத்தேன். ஜவாப்பு சொல்லிக்கொள்கிறேன் என்றவன் அவருக்குச் சொன்ன ஜவாப்பு அதுதான்.

உன் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரு பக்கமும் நடந்தன. வண்டி கீழவீதியில் தொடங்கி நான்கு வீதியும் சுற்றி வந்தது. எங்கும் நிற்கவில்லை, சூடேறவில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் ஓ.டி. ஆட்கள் சிலர் இருந்தார்கள். "தணிகாசலம் வண்டிடா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. ஆச்சு.

ஆனால் சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது.

முகூர்த்த நாள் காலை, பொழுது விடிந்ததும் துணியோடு வண்டியிடம் போனேன். பூச்சரத்தின் ஈரம் குரோமியத்தில் தங்கினால் கறை விழும். முன்னாலிருந்து துடைத்துக்கொண்டே வந்து இடது பின்கதவை அடைந்தேன். கமலம் வைத்த பொட்டு கதவின் நடுவில் உலர்ந்து உதிர்ந்திருந்தது. பீடிங்கின் முனையில், அந்த எழும்பிய இடத்தில், இன்னொரு பொட்டு. முந்தின நாள் அங்கே ஒன்றும் இல்லை. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. குங்குமம் சிறிதாக, சரியாக நடுவில். அந்த முனைக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தோன்றும்.

அதைச் சுற்றி மட்டும் துடைத்தேன்.

"சார், அங்க ஒண்ண வுட்டுட்டீங்க" என்றார் ஜமால் பாய், பல் துலக்கிக்கொண்டே.

"தெரியும் பாய்."

சற்று நேரத்தில் குணவதி காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைப் படியில் வைக்கவில்லை, கையில் கொடுத்தாள். மோதிர விரலின் நுனி சிவந்திருந்தது. நான் காப்பியையே பார்த்துக்கொண்டு குடித்தேன். இருட்டோடு எழுந்து, யாரும் பார்க்குமுன், பூஜைத் தட்டைத் தேடி எடுத்து, தெருவில் இறங்கி வந்திருக்கிறாள். நான் பகலில், எல்லோரும் இருக்க, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போகாத தூரம் அது.

மல்லிகா சிதம்பரத்தில் சௌக்கியம். வண்டி ஓ.டி.யில் உன் ஷெட்டில் நிற்கிறது. கடல் காற்றுக்கு மேலே துணி போட்டிருக்கிறோம். ஜமால் பாய் ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்துவிட்டுப் போகிறார். பொட்டு ஒருவேளை இப்போது அழிந்திருக்கும். நான் துடைக்கவில்லை.

ஆவணியில் உன் வருஷத் திவசம். அது முடிந்தபின் ஆயுத பூஜை வரும். அன்று வண்டியை ஷெட்டிலிருந்து தெருவுக்கு இறக்குவோம். மாசிலாமணிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் நிற்கும்போது சந்தனத் தட்டை நான் எடுத்துப் போய்க் குணவதி கையில் கொடுப்பேன். எங்கே போகிறது என்று கேட்டால், எங்கே போகிறது என்று சொல்வேன். இந்த முறை வாசற்படியில் திரும்பமாட்டேன்.

இப்படி எழுதிவிட்டேனே தவிர, என்னை எனக்குத் தெரியும். அன்று காலை ஏதாவதொன்றை அளந்துகொண்டிருப்பேன். அதனால்தான் இதை உன் படத்துக்கு முன்னால் படித்துவிட்டு மடித்து வைக்காமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்துவிட்டால் பின்வாங்க முடியாது.

அனுப்புமுன் குணவதியிடம் படித்துக் காட்டினேன். அவள் பெயர் வருகிறதே, அவள் தொட்டது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மாசிலாமணி படிப்பாராண்ணே?"

"படிப்பாருன்னுதான் நெனைக்கிறேன்" என்றேன்.

"அப்பச் சரி. அனுப்புங்க" என்றாள்.

தட்டோடு வரப்போகும்
உன் அக்கா வீட்டுக்காரன்,
உன் மாமா,
சபாநாயகம்